முதலில் பிறேக், பிறகு எஞ்சின்: வன்னியில் பழைய கார் திருத்தத் தொடங்குவோருக்கு

வன்னியில் இன்று பழைய கார் வாங்குகிறவருக்குத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டி கிடைப்பது அரிது. பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு முறையாவது மாற்றி அமைத்த வண்டிதான் கைக்கு வரும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமல் போனபோது, மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து அதில் ஸ்ரார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய கெட்டித்தனம். ஆனால் அதற்காகச் செய்த வேலைகள் பல வண்டிகளில் இன்னும் அப்படியே கிடக்கின்றன. ஆகவே உங்களுடைய முதல் வேலை புதிதாக எதையும் பூட்டுவதல்ல. முன்னர் எதைப் பூட்டினார்கள், எதைக் கழற்றி எறிந்தார்கள் என்று பார்ப்பதுதான்.

இங்கே மொறிஸ் மைனரை வைத்தே சொல்கிறேன். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல கார் இல்லை. அளவுகள் மாறினாலும், ட்ரம் பிறேக்கும் காபரேற்றரும் (பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது) உள்ள எந்தப் பழைய வண்டிக்கும் இந்த முறை பொருந்தும்.

வாங்க முன்னர்

புத்தகத்தைப் பாருங்கள். இடப்பெயர்வில் வாகனப் பதிவுப் புத்தகம் தொலைந்த வண்டிகள் வன்னியில் நிறைய. 2009இல் வீதியோரங்களில் கைவிடப்பட்டு, பிறகு பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டிய வண்டிகளும் உண்டு. அடிச்சட்ட இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தில் உள்ளவற்றோடு பொருந்தாவிட்டால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. இலக்கத் தகடும் கொஞ்சம் கதை சொல்லும். ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. போன்ற ஆங்கில எழுத்துத் தகடுகள் முந்தியவை. தமிழர் பகுதிகளில் பெரிய எதிர்ப்பைக் கிளப்பிய ‘ஸ்ரீ’ எழுத்து 1957இல் வந்தது.

பிறகு எஞ்சின். மைனர் 1948இல் 918 சீ.சீ. எஞ்சினோடு வந்தது. 1952 முதல் 803 சீ.சீ. (30 குதிரைவலு), 1956 முதல் 948 சீ.சீ. (37), 1962 முதல் 1098 சீ.சீ. (48). உள்ளே இருப்பது எது என்று தெரியாமல் பாகம் வாங்கக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் பஸ் ஏறாதீர்கள். கடையில் முதலில் கேட்பதே அதைத்தான்.

இன்னொன்று, பற்றறி. இந்த வண்டிகள் நேர்முனையை உடலோடு இணைத்து வந்தவை, அதாவது இன்றைய கார்களுக்கு எதிர்மாறு. இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம். எந்த முனையின் கம்பி உடலில் பூட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் பற்றறியையோ, வேறு வண்டியிலிருந்து ஜம்ப் வயரையோ கொடுக்க வேண்டாம்.

வண்டியைத் தூக்குவது

வன்னி மண் மாரியில் இளகிவிடும். ஜக்கின் கீழே தடித்த பலகை வையுங்கள். தூக்கியதும் இரும்புத் தாங்கி வையுங்கள். அது இல்லாவிட்டால் நன்றாக அறுத்த பனங்குற்றி. செங்கல்லும் சீமெந்துக் கல்லும் கூடவே கூடாது. அவை முன்னறிவித்தல் இல்லாமல் நொறுங்கும். ஜக்கில் மட்டும் நிற்கும் காரின் கீழே தலையைக் கொடுக்காதீர்கள்.

பிறேக்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு பழைய மெக்கானிக், எஞ்சினைப் பற்றிக் கேட்டு வரும் பொடியளிடம் முதலில் இதைத்தான் சொல்வார்: “ஓடாத காரால ஒருத்தரும் செத்ததில்லைத் தம்பி. முதல்ல நிற்கிறதைப் பாரும்.” வன்னியில் மலை இல்லை, பிறேக் சூடேறும் இறக்கம் இல்லை. அதனால் பிறேக்கைப் பற்றி ஒருவரும் நினைப்பதில்லை. ஆனால் ஏ-9இல் மாங்குளம் தாண்டியபின் நேர் வீதி. மாலையில் மாடு குறுக்கே வரும், உள்வீதிகளில் யானையும் வரும்.

மைனரின் பிறேக்கில் புதியவர் தெரிந்துகொள்ள வேண்டிய பெரிய விஷயம்: நான்கு சில்லுக்கும் ஒரே குழாய்த் தொகுதிதான். இன்றைய கார்களில் ஒரு பகுதி ஒழுகினாலும் மற்றப் பகுதி பிடிக்கும். இதில் எங்காவது ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும். மிஞ்சுவது கைப்பிறேக் மட்டுமே. எனவே முதலில் கைப்பிறேக்கைச் சரி செய்யுங்கள். அது பிடிக்காத வண்டியை வளவுக்கு வெளியே எடுக்க வேண்டாம்.

பொனெற்றைத் திறந்து பிறேக் ஒயில் போத்தலைத் தேடினால் கிடைக்காது. மிதிக்கும்போது ஒயிலைக் குழாய்களுக்குத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டர் றைவரின் காலடியில், தரைத் தகட்டின் கீழே, அடிச்சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. விரிப்பைத் தூக்கினால் ஒரு மூடி தெரியும், அதற்குக் கீழேதான் ஒயில் விடும் வாய். திறக்க முன்னர் சுற்றியுள்ள செம்மண் தூசியை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஒரு சிட்டிகை மணல் உள்ளே போனாலும் றப்பரைக் கீறிவிடும். அந்தச் சிலிண்டரைக் கழற்றுவது பெரிய தலையிடி. முன் ரோர்ஷன் பார் (முறுகி ஸ்பிறிங் போல வேலைசெய்யும் இரும்புத் தண்டு) குறுக்கே நிற்பதால் அதன் போல்ற்றுகள் வெளியே வராது, பாரைத் தளர்த்தி நகர்த்த வேண்டும். பாரில் இழுவிசை நிற்கும். முதல் தடவை இந்த வேலையைத் தெரிந்த ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள்.

கழற்ற முன்னர் மிதியை மிதித்துப் பாருங்கள். மிதியே பாதி நோயைச் சொல்லிவிடும். முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாம் மிதியில் மேலே நின்றால், சூ (ட்ரம்மின் உட்புறத்தை அழுத்திப் பிடிக்கும் வளைந்த துண்டு) தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது, சரிப்படுத்தினால் போதும். பஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்று. காலை அசைக்காமல் அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே இறங்கி, வெளியே ஒழுக்கும் இல்லாவிட்டால், மாஸ்ரர் சிலிண்டரின் றப்பர் போய்விட்டது. பிறேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், மற்றப் பக்கத்து லைனிங்கில் (சூவின் மேலுள்ள உராய்வுப் பட்டை) கிறீஸோ ஒயிலோ பட்டிருக்கும், அல்லது அந்தப் பக்கச் சிலிண்டர் இறுகியிருக்கும். காலை எடுத்தபின்னும் சில்லு இறுகியே நின்றால், முதலில் றப்பர் ஹோஸைச் சந்தேகியுங்கள். பழைய ஹோஸ் வெளியே புதிது போலவே இருக்கும். உள்ளே வீங்கி, ஒயிலைப் போகவிட்டுத் திரும்பி வரவிடாமல் அடைத்துக்கொள்ளும். வயது தெரியாத ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பேரம் பேசும் இடம் அதுவல்ல.

ட்ரம்மைத் திறக்கும்போது வரும் கறுப்புத் தூசியை வாயால் ஊதாதீர்கள், எயாரும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும், அது நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பொலித்தீன் பையில் கட்டி எறியுங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் தொட்டு மணந்து பாருங்கள். கந்தக வாடை அடித்தால் பின் அச்சின் கியர் ஒயில், சீல் போயிருக்கிறது. இல்லாவிட்டால் சில்லுச் சிலிண்டர் ஒழுகுகிறது. எதுவானாலும் அந்த லைனிங் இனி உதவாது. பெற்றோலில் கழுவி வெயிலில் காயவைத்துப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காய்ந்ததுபோல் தெரியும், சூடேற உள்ளே ஊறினது திரும்ப வெளியே வரும்.

பிறேக் றப்பர்களை மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ கழுவக் கூடாது. எஞ்சின் ஒயிலும் அவற்றில் படக் கூடாது. பட்டால் றப்பர் ஊதி, சிலிண்டருக்குள் இறுகிவிடும். கழுவுவதற்கும் பூசுவதற்கும் புதிய பிறேக் ஒயிலே போதும். போத்தலில் ‘டொட் 4’ என்று இருப்பதைப் பாருங்கள். திறந்து நாள்பட்ட போத்தல் வேண்டாம். அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும், சிலிண்டரும் உள்ளே துருப்பிடிக்கும். வண்டியின் பெயின்ற்றில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் உரித்துவிடும்.

சூவைச் சரிப்படுத்துவது சுலபம். ட்ரம்மிலுள்ள துளை வழியே ஸ்குறூ ட்ரைவரை விட்டால் வெட்டுள்ள திருகு தட்டுப்படும். முன் சில்லில் இரண்டு, பின் சில்லில் ஒன்று. ட்ரம் சுற்றாமல் இறுகும்வரை திருகி, பிறகு ஒரு பல் மட்டும் பின்னே விடுங்கள். சில்லு தாராளமாகச் சுற்ற வேண்டும். இந்த வேலையை முடிக்காமல், குழாய்க்குள் நிற்கும் காற்றை வெளியேற்ற, அதாவது எயார் எடுக்கத் தொடங்கினால் மிதி ஒருபோதும் மேலே வராது; எவ்வளவு ஒயில் விட்டாலும் வீண்.

எயார் எடுக்க இரண்டு பேர் வேண்டும்.

1. மாஸ்ரர் சிலிண்டரை நிரப்புங்கள். மாஸ்ரர் சிலிண்டருக்குத் தூரமான சில்லிலிருந்து தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது.
2. சில்லின் பின்புறமுள்ள நிப்பிளில் (காற்றை வெளியே விடும் சிறு திருகு வாய்) இறுக்கமான தெளிவான குழாயைப் பூட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிறேக் ஒயில் உள்ள போத்தலில் அமிழ்த்துங்கள்.
3. ஒருவர் மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளை அரைச் சுற்றுத் திறக்க வேண்டும். மிதி கீழே போனதும் நிப்பிளை மூடிவிட்டே காலை எடுக்க வேண்டும். “மிதி”, “பிடி”, “விடு” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு செய்யுங்கள். முக்கால்வாசிப் பிழை இங்கேதான் வரும்.
4. குமிழி நிற்கும்வரை தொடருங்கள். சில தடவைக்கு ஒரு முறை மாஸ்ரரை நிரப்புங்கள். அது வற்றினால் முதலிலிருந்து.
5. போத்தலில் சேர்ந்ததைத் திரும்ப ஊற்ற வேண்டாம்.

முடிந்ததும் மிதியை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடியுங்கள். பிடித்தபடியே ஒருவர் எல்லா இணைப்பையும் சுற்றிப் பார்க்கட்டும். முதல் ஓட்டம் வளவுக்குள், நடை வேகத்தில்.

ஓட ஆரம்பித்தபின் ஒரு பழக்கம். முறிகண்டியில் பிள்ளையாருக்கு எப்படியும் வண்டி நிற்கும்தானே. தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கித் திரும்பும்போது, நான்கு சில்லின் நடுவிலும் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கூடச் சுட்டால் அதில் பிறேக் உராய்ந்துகொண்டிருக்கிறது. மாரியில் முல்லைத்தீவில் நந்திக்கடலோரமுள்ள வட்டுவாகல் போன்ற இடங்களில் வீதிக்கு மேலே தண்ணீர் ஓடும்போது ட்ரம் நனைந்துவிடும். நனைந்த ட்ரம் பிடிக்காது. தண்ணீர் தாண்டியதும் முதல் கியரில், மிதியில் இலேசாகக் கால் வைத்தபடி கொஞ்சத் தூரம் போனால் காய்ந்துவிடும். நந்திக்கடல் தண்ணீர் உப்பு. வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

ஓட்டத்தில் பிறேக் போனால் மிதியை வேகமாகப் பல முறை அடியுங்கள், கியரைக் குறையுங்கள், கைப்பிறேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். மைனரில் முதல் கியர் ஓட்டத்தில் விழாது, அதற்காகப் போராடி நேரத்தைக் கெடுக்காதீர்கள். இரண்டாவதோடு விடுங்கள்.

மண்ணெண்ணெய் விட்டுப் போன தடங்கள்

சரி, வண்டி நிற்கிறது. இனி எஞ்சின்.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல் ஆவியாகாது. குறைந்த அமுக்கத்திலேயே ஒழுங்காக எரியாமல் வெடித்து எஞ்சினைத் தட்டவைக்கும். அதற்காகப் பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளி வைத்திருக்கலாம், அமுக்கத்தைக் குறைக்க எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டுக்கும் அடிப்பகுதியான புளொக்குக்கும் இடையில் இரண்டு கஸ்கற் (கசிவைத் தடுக்கும் தகடு) வைத்திருக்கலாம், காபரேற்றரின் ஜெற்றில் கை வைத்திருக்கலாம், தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்ராற் இல்லாமல் இருக்கலாம், குழாயில் மேலதிக ரப் ஒன்று தொங்கலாம். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் ஒயில் குச்சியை இழுத்து மணந்து பாருங்கள். எரியாத எரிபொருள் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலை மெலிதாக்கும். ஒயில் மட்டம் கூடிக்கொண்டு போவதைச் சிலர் நல்ல சகுனம் என்று நினைப்பார்கள். அது பெயரிங்குக்கு வரும் கேடு. ஒயிலை முழுதாக இறக்கி, 20டபிள்யூ-50 விடுங்கள்.

பிறகு அமுக்கப் பரிசோதனை. கருவி உங்களிடம் இல்லாவிட்டால் கராஜில் இரவல் வாங்கலாம். எஞ்சின் சூடாக, நான்கு பிளக்கும் கழற்றி, அக்சிலரேற்றரை முழுதாக அமத்தி, ஒவ்வொரு சிலிண்டராகப் பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒத்துப்போகிறதா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். எண் ஏறினால் வளையம், ஏறாவிட்டால் வால்வ் அல்லது கஸ்கற். பக்கத்துப் பக்கத்து இரண்டு குறைந்தால் அவற்றுக்கு நடுவே கஸ்கற் ஊதியிருக்கலாம். நான்கும் ஒரே மாதிரிக் குறைவாக இருந்தால் ஹெட்டின் விளிம்பை ரோர்ச் அடித்துப் பாருங்கள். இரட்டைக் கஸ்கற் கண்ணுக்கே தெரியும். தொழிற்சாலையிலேயே குறைந்த அமுக்கத்தோடு வந்த எஞ்சின்களும் உண்டு என்பதால் அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம்.

ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டுமென்றால் கரியைச் சுரண்டி, வால்வைத் தேய்த்து, ஒரே ஒரு புதிய கஸ்கற் போடுங்கள். நட்டுகளை நடுவிலிருந்து வெளியே நோக்கி, படிப்படியாக 40 இறாத்தல்-அடி வரை இறுக்க வேண்டும். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. இந்த ஹெட்டுகளோ ஈயப் பெற்றோலுக்குச் செய்தவை. எக்ஸோஸ்ற் வால்வின் இடைவெளி அடிக்கடி தானாகக் குறைந்தால், வால்வ் இருக்கை தேய்ந்து உள்ளே போகிறது. ஹெட் எப்படியும் லேத்துக்குப் போகும்போது கடினமான இருக்கை வளையம் போட்டுக்கொள்ளுங்கள். அதற்காக மட்டும் நன்றாக ஓடும் எஞ்சினைப் பிரிக்க வேண்டாம்.

803, 948, 1098 சீ.சீ. எஞ்சின்களில் வால்வ் இடைவெளி 0.012 அங்குலம், எஞ்சின் குளிர்ந்த நிலையில். எந்த வால்வை எப்போது பார்ப்பது என்பதற்கு ஒன்பதுக் கணக்கு இருக்கிறது: எட்டாவது முழுதாக அமுங்கி நிற்கும்போது முதலாவதைப் பாருங்கள், ஏழாவது அமுங்கினால் இரண்டாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது. பொயின்ற் (டிஸ்ரிபியூற்றருக்குள் மின்சாரத்தைத் துண்டித்துப் பொறியை உண்டாக்கும் தொடுமுனை) இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025. எரியும் வரிசை 1-3-4-2.

பெற்றோல் தாங்கியைக் கழற்றிக் கழுவுங்கள். அடியில் பழைய கசடும் துருவும் இருக்கும், அது காபரேற்றருக்குப் போகும். தாங்கியை வெல்டிங் பண்ண மட்டும் வீட்டில் முயற்சிக்க வேண்டாம். காலியான தாங்கிக்குள் நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

ஸ்ரார்ட் ஆகாவிட்டால்

இரண்டே கேள்வி: பொறி வருகிறதா, பெற்றோல் வருகிறதா? சாவியைப் போட்டதும் எஸ்.யூ. நிறுவனத்தின் மின்சாரப் பெற்றோல் பம்ப் டக் டக் என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் நிற்க வேண்டும். அடிக்கவே இல்லையென்றால் ஸ்பனர் பிடியால் மெல்லத் தட்டுங்கள். தட்டியதும் ஓடினால் உள்ளேயுள்ள பொயின்ற் கருகியிருக்கிறது, வீட்டுக்குப் போய்ச் சுத்தம் பண்ணுங்கள். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் தாங்கி காலி, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. பொறிக்கு, ஒரு பிளக்கைக் கழற்றி வயரோடு எஞ்சின் இரும்பில் படவைத்துச் சுற்றுங்கள். பெற்றோல் சிந்தியிருந்தால் முதலில் துடைத்துவிடுங்கள். நீலப் பொறி நல்லது. மெலிந்த மஞ்சள் என்றால் பொயின்ற்றையும் கொண்டென்சரையும் பாருங்கள். இன்று கடையில் விற்கும் கொண்டென்சரும் றோட்டரும் பல மட்டமானவை. நன்றாக வேலைசெய்த பழையதை எறியாமல் வண்டியில் வைத்திருங்கள்.

மத்தியான வெயிலில் நிறுத்தி எடுக்கும்போது மட்டும் மக்கர் பண்ணினால் பெற்றோல் குழாயிலேயே ஆவியாகிறது. பொனெற்றைத் திறந்துவிட்டு, பம்ப்பிலும் குழாயிலும் ஈரத்துணி சுற்றிக் கொஞ்ச நேரம் நிழலில் நில்லுங்கள். மாரிக் காலையில் மட்டும் வந்தால் டிஸ்ரிபியூற்றர் மூடிக்குள் ஈரம். துடைத்தால் சரி.

எஞ்சின் சூடேறுவதற்கு இங்கே முதல் காரணம் கிணற்றுத் தண்ணீர். கல் படிந்து ரேடியேற்றரின் மெல்லிய குழாய்கள் அடைபடும். மழைத் தண்ணீரோ சுத்திகரித்த குடிநீரோ எடுத்து, கூலன்ற் கலந்து விடுங்கள். பொறி விழும் நேரம் பிந்திய எஞ்சினும் சூடேறும், அதையும் மறக்க வேண்டாம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள்.

மாற்றங்கள்

இவ்வளவும் முடிந்து, சில மாதம் ஓடிப் பார்த்த பிறகு மாற்றத்தைப் பற்றி யோசிக்கலாம். எனக்கு முதலிடம் இரட்டைச் சுற்று மாஸ்ரர் சிலிண்டருக்கு. ஒரு பக்கம் ஒழுகினாலும் மறுபக்கம் பிடிக்கும். சேர்வோ பூட்ட ஆசைப்படுகிறவர்கள் கவனியுங்கள்: அது காலின் பாரத்தைக் குறைக்கும், ஒழுக்கிலிருந்து காப்பாற்றாது. அடுத்தது முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக், அல்லது செலவு குறைய வேண்டுமானால் 1098 சீ.சீ. வண்டியின் 8 அங்குல முன் ட்ரம். முந்தியவற்றில் இருந்தது 7 அங்குலம். பொயின்ற்றுக்குப் பதில் எலெக்ட்ரோனிக் இக்னிஷனும் நல்லது, ஆனால் வாங்கும்போது உங்கள் வண்டியின் பற்றறி முனை எது என்று சொல்லி வாங்குங்கள்.

எஞ்சின் மாற்றமென்றால் 948 இருந்த இடத்தில் 1098 அதிகம் கஷ்டமில்லாமல் உட்காரும். டற்சன் சன்னி பீ-310இன் எஞ்சினும் கியர் பெட்டியும் போடுவது பலருக்கு ஆசை. அதற்கு எஞ்சினைப் பூட்டும் தாங்கிகளும், பின் அச்சைச் சுற்றும் நடுத்தண்டும் புதிதாகச் செய்ய வேண்டும். பிறேக்கை அப்படியே விட்டுவிட்டு அதைச் செய்தால் நான் அந்த வண்டியில் ஏற மாட்டேன். டீசல் எஞ்சின் வேண்டாம். முன் பாரத்தை ரோர்ஷன் பாரும் தாங்காது, பிறேக்கும் தாங்காது.

எஞ்சினை மாற்றினால் அதன் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து புத்தகத்தையும் மாற்ற வேண்டும். வாங்கிய பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வருட வரி அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை இருக்கிறது. அதற்குப் போகும் நாளில் எயார் கிளீனரைச் சுத்தம் செய்து, எஸ்.யூ. காபரேற்றரின் மேல் மூடியைக் கழற்றி உள்ளே ஒயில் இருக்கிறதா என்று பார்த்து, வண்டியை நன்றாகச் சூடேற ஓட்டிக்கொண்டு போங்கள். சோக் (குளிரில் ஸ்ரார்ட் பண்ண இழுக்கும் பிடி) இழுத்தபடி இருந்தால் எந்த எஞ்சினும் தேறாது.